பேரீச்சங்கொட்டைக் கணக்கு

ஸாகோரா,
செவ்வாய்க்கிழமை

தங்கச்சி யம்னாவுக்கு அண்ணன் ஹம்முவின் ஸலாம்.

எல்லோரும் நலம். உன் மதினி இன்னும் ஒரு சுற்று பெருத்துவிட்டாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டாமல்தான் உறையை ஒட்டுகிறேன்.

சுவிட்சர்லாந்துக் குளிரில் உன் கால் எப்படி இருக்கிறது? இருபத்துநாலு மணிநேர ஓட்டத்தையும் உலகப் போட்டியில் சேர்க்கச் சொல்லி மாதக் கடைசியில் அங்கே விளையாட்டுச் சங்கத்தார் கூட்டத்தில் நீ பேசப்போவதுதான் ஊரெல்லாம் பேச்சு. அவ்வளவு நேரம் எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று கேட்டால், என் அண்ணன் பார்த்தான் என்று சொல்.

ஞாயிறன்று அந்தச் சங்கத்தாரின் ஆள் ஒருவர் வந்தார். பெயர் இத்ரிசியாம். நம்மூர் மைதானத்தில் ஒரு நாள் முழுக்க நீ ஓடிய அறுநூற்றுப் பன்னிரண்டு சுற்றை எண்ணியது யார் என்று விசாரித்தார். எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்தவன் செருப்பில் தூசி இல்லாமல் இருக்குமா? தேநீருக்குச் சர்க்கரையும் வேண்டாம் என்றார். உன்னைக் கவிழ்க்க யாரோ அனுப்பிய ஆள்தான் என்று முடிவு செய்தேன்.

அதிகம் படிக்காதவன்தானே என்று நினைத்துவிடக் கூடாதென்று, மைதானத்தில் எண்ணியதை அப்படியே செய்து காட்டினேன். நீ ஒரு சுற்று முடித்தால், ஆட்டுக்கு வைத்திருந்த பேரீச்சங்கொட்டையில் ஒன்று சட்டியில் விழும். மணிக்கு ஒரு தரம் லஹ்சன் வாத்தியார் எண்ணித் தாளில் எழுதுவார். சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டேன். கொட்டையைச் சட்டியில் துப்பினேன்.

அவர் சட்டியையே பார்த்தார். "அண்ணே, அன்னிக்கும் பசிச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

ஓடினது அவ, எனக்கெதுக்குப் பசிக்கணும் என்று சிரித்து மழுப்பினேன். அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார். எழுதியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

உன் மதினியைக் கேட்டேன். அன்று இரண்டு கிலோ பழம் கொடுத்தனுப்பியதாகவும், நான் வெறும் பையோடு வந்ததாகவும் சொல்கிறாள். அவள் பேச்சை நான் எப்போதும் நம்புவதில்லை. ஆனால் என் வயிற்றை எனக்குத் தெரியும்.

சட்டியில் உன் கால் போட்டது எத்தனை, என் வாய் போட்டது எத்தனை என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அந்தத் தாளை அங்கே வைக்காதே, தங்கச்சி. நீ ஓடாத ஓர் அடிகூட உன் பெயரில் வேண்டாம். அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு. தப்பாக எண்ணியவன் என்று என் பெயரை முழுசாக எழுதிக் கொடு.

மறுபடி ஓடினால் வேறு யாராவது எண்ணட்டும். நான் தண்ணீரோடு ஓரமாக நிற்கிறேன், நீ நிற்கச் சொன்னால்.

அல்லாஹ் உன் கால்களைக் காப்பானாக.

அண்ணன்
ஹம்மு