வெடிக்காத மூன்றாவது தகடு

புதுச்சேரி,
ஆடி 20

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஜெனிவாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை.

உன் கம்பெனியில் நீ தீட்டிய கடிகாரத்தைப் படமெடுத்து அனுப்பினாயே, அதை உன் அண்ணன் நெடுமாறன் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். நம் வீராம்பட்டினத்து அம்மனின் ஆடித் தேரையே உள்ளங்கை அகலத் தகட்டில் எனாமலில் நிறுத்திவிட்டாயே! கண்ணாடிப் பொடியைக் குழைத்துத் தீட்டி உலையில் சுட்டால் இத்தனை நிறம் வருமா என்று அவன் வேலை பார்க்கிற மேட்டுப்பாளையம் கம்பெனியில் எல்லோரும் அவனைக் கேட்டார்களாம். ஒரு குறை சொல்கிறேன், வடம் பிடிக்கிற அத்தனை பேருக்கும் வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருக்கிறாய், நம் ஊரில் பாதிப் பேர் லுங்கியும் டீசர்ட்டும்தான். அம்மா அந்தப் படத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, “தேரு வந்துடுச்சு, பொண்ணு எங்க?” என்று என்னைக் கேட்கிறாள். நீ வந்து நான்கு ஆடி ஆகிறது. கடிகாரமும் யாரோ சீமான் வீட்டுக்குப் போய்விடும், அதையும் நாங்கள் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். அந்தத் தேருக்காக நீ தீட்டிய முதல் இரண்டு தகடும் உலையில் வெடித்த பிறகு, “மூணாவதும் வெடிச்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கப்பா, அம்மனுக்கு உப்பு மிளகு கொட்டி வேண்டிக்கிட்டு வாங்க” என்று அழுதாயே, அந்த வெள்ளிக்கிழமையே வீராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். சன்னதியில் கைகூப்பி நின்றபோது, வெடிக்கக் கூடாது என்று வேண்ட எனக்கு வாய் வரவில்லை பாப்பா. வெடித்தால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாயே என்றுதான் மனசு போயிற்று. உப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்து, வேண்டிக்கொண்டேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். தகடு நல்லபடியாக வந்ததும், “எல்லாம் உங்க வேண்டுதல்தாம்ப்பா” என்றாய், இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். அது உன் கைத்திறமை, என் வேண்டுதல் இல்லை. மறுநாளே போய் உப்பைக் கொட்டி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் இப்போதுதான் கேட்கிறேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் கையும் கண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். இதைப் படித்துக் கோபம் வந்தால் போனில் திட்டாதே பாப்பா, லீவு போட்டு நேரில் வந்து திட்டு.

உன் அப்பா,
சாமிக்கண்ணு