மீதிப் பத்து எங்கே போச்சு

மார்ச் 3, செவ்வாய்

புது மாணவர் ஒரு பல் டாக்டர். காலையில் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று எங்கள் டிரைவிங் ஸ்கூல் கேட்டிலேயே கொண்டுபோய் இடித்தார். என் பக்கத்து பிரேக்கை நான் அமுக்கியதால் பம்பரில் ஒரு சில்லு பெயர்ந்ததோடு போயிற்று. பாவம், முகம் வெளுத்துவிட்டது. சொத்தைப் பல் ஒன்று விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று தேற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் ஒரு உறை. பக்கத்து மாநிலத்துப் போக்குவரத்துப் போலீஸ். என் கார், என் நம்பர். போன மாதம் மகள் வீடு மாறினாளே, தையல் மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. எண்பதில் போகவேண்டிய சாலையில் தொண்ணூற்றொன்றில் போனேனாம், வேகம் பிடிக்கிற கேமரா சொல்கிறது. அபராதம்.

நானா? ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே பிரேக் டீச்சர். பஸ்ஸில் போனால்கூட என் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். யார் ஓட்டினாலும் வண்டியில் கண்ணை மூடியது கிடையாது. வீட்டில் படுத்தால் தூக்கத்தில் வீட்டுக்காரரை மிதித்து மிதித்து நிறுத்துகிறேனாம், இவர் குறைப்படுவார்.

இவர் நோட்டீஸை வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே போய்ச் சிரித்தார்.

மார்ச் 4, புதன்

கேமரா கெட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

விளையாட்டு இல்லை. என் பயிற்றுநர் அனுமதியை இந்த மாதம் 25ஆம் தேதி புதுப்பிக்கவேண்டும். அங்கே நேரிலேயே கேட்பார்கள், கடந்த ஒரு வருஷத்தில் சாலை விதி எதையாவது மீறினீர்களா என்று. ஆமாம் என்றால் அந்த அதிகாரி நினைத்தால் ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைக்கலாம். ஒரு வருஷம் இடது சீட்டில் உட்காராமல் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பிடித்த வேலையும் இதுதான்.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன். ரகசியம் பேசினால் எதிர்க் கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். அதே குரலில் ஒரு வழி சொன்னார். கேமரா தவறு என்று மறுப்பு எழுதிப் போட்டுவிட வேண்டும். முடிவு வரும்வரை அது மீறல் கணக்கில் வராது, அதற்குள் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். காரில் கூட இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர். இவர் பின்சீட்டில் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் என் நாத்தனார்.

அதற்கு அந்தக் கேமராவிடமே போய்க் காலில் விழலாம்.

மார்ச் 7, சனி

யாருக்கும் தெரியாமல் எழுதுகிற இடத்தில் என்ன பயம்? எழுதிவிடுகிறேன்.

நாத்தனார் இவருடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கோலமோ குழம்போ பேச்சோ எதுவும் அவரிடம் முழு மார்க் வாங்கியதில்லை. மனசுக்குள் சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர். போன வருஷம் என்ன தோன்றியதோ, எனக்கு கார் கத்துக்குடு என்று வந்தார். அடுத்த ஆறு மாதம் என் ராஜ்ஜியம். “ஸ்டீயரிங்கைப் பிடிங்க அண்ணி, கட்டிப்பிடிக்காதீங்க” என்று நான் சொன்னதை இவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இரண்டு தடவை தேர்வில் தவறி, மூன்றாவதில் தேறினார். வேகம் வேகம் என்று நான் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது இது தெரிந்தால்? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதைதான்.

மார்ச் 8, ஞாயிறு

இவர் சொல்லிவிட்டார். தம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் ரகசியம் என்று ஒன்று எந்தக் காலத்தில் தங்கியிருக்கிறது?

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். நோட்டீஸை இரண்டு கையாலும் பிடித்து, விடைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே படித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழவி என்ன சொல்லப்போகிறாளோ என்று — அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன், அவருக்குக் கிழவி என்கிற அளவுக்கு வயசாகவில்லை.

சொன்னது இதுதான். “நான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துடறேன். எனக்கு லைசென்ஸ் போனா பஸ்ஸுல போவேன். உனக்குப் போனா வேலையே போயிடும்.”

இவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ போட எழுந்து போய்விட்டார். அவரால் முடிந்தது அது.

மார்ச் 9, திங்கள்

வேண்டாம் அண்ணி என்று சொல்லிவிட்டேன். மூன்று தடவை போய் வாங்கின லைசென்ஸ். அதை என் பெயருக்குப் பலி கொடுக்கமுடியாது. மேலும், நான் ஓட்டியது எண்பதில். செய்யாத தப்புக்கு ஆள் மாறாட்டம் எதற்கு?

கோபித்துக்கொண்டு போனார். போகிறபோது வாசலில் என் ஸ்கூட்டரை ஒதுக்கி நிறுத்தத் தெரியவில்லை என்றார். அப்பாடா, பழைய ஆள்தான்.

மார்ச் 12, வியாழன்

மறுப்புக் கடிதம் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் சாலையையும் வேகமானியையும் மாறி மாறிப் பார்த்தே ஓட்டினேன், எண்பதைத் தாண்டவில்லை, கேமராவைச் சோதிக்கவேண்டும். சத்தியமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

படித்தார். பேனாவைத் திறந்தார். மறுபடியும் மூடினார். அன்றைக்கு வண்டியில் நடந்ததை ஞாபகப்படுத்தினார். எங்கள் கார் ஸ்கூலில் ஓய்வு பெற்ற பழைய பயிற்சி கார்தான், இடது பக்கத்து பிரேக் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்து, நூறு காட்டுதே என்றார். நான் சிரித்தேன். முள்ளுக்கு நேரே உட்கார்ந்தால்தான் சரியாகத் தெரியும், இடது சீட்டில் இருந்து சாய்வாகப் பார்த்தால் பத்து கூடத்தான் காட்டும், பிரேக்கில் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள் என்றேன். டிரைவிங் வாத்தியார்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. நாங்கள் பார்த்த எண்ணில் பத்தைக் கழித்துக்கொள்வோம்.

“சரி. நூறுல பத்து போனா தொண்ணூறு. நீ எண்பதுங்கறே. மீதிப் பத்து எங்க போச்சு?”

அண்ணி, நீங்கள் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்றேன். நான் கணக்கு டீச்சர், எண்ணைத் தப்பாகப் பார்க்கமாட்டேன் என்றார். கையெழுத்துப் போடவில்லை. கணக்கு உதைக்கிற இடத்தில் அவர் கையெழுத்து விழாதாம்.

வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் மீதிப் பத்து எங்கே போச்சு?

மார்ச் 13, வெள்ளி

எங்கே போச்சு.

மார்ச் 15, ஞாயிறு

போன பத்து கிடைத்துவிட்டது. என்னிடம்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே குடோன்களுக்குப் பின்னால் ஒரு நேரான சாலை, ஞாயிற்றுக்கிழமை காக்கா குருவி இருக்காது. மூன்று பேரும் போனோம். இவர் பின்சீட்டில், கையில் வேகம் காட்டுகிற ஆப் போட்ட செல்போன். முதலில் நாத்தனார் ஓட்டினார், நான் இடது பக்கம். வேகம் கேட்டார். அறுபது என்றேன். போனும் அறுபது என்றது. பார்த்தீர்களா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் கண்ணுக்கு முள் எதில் நிற்கிறது, அதைச் சொல் என்றார். உற்றுப் பார்த்தேன். எழுபதில் நின்றது. என் கண் எழுபதைப் பார்க்கிறது, என் வாய் அறுபது என்கிறது. நடுவில் கழித்தது யார்? எனக்கே தெரியவில்லை, அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

இடம் மாறினோம். நான் ஓட்டினேன். வேகம் என்ன என்று நாத்தனார் கேட்டார். அறுபது என்றேன், வாத்தியார் தோரணையில்.

“எழுபது” என்றார் இவர் பின்னாலிருந்து, மெதுவாக.

குனிந்து பார்த்தேன். என் மூக்குக்கு நேரே, சாய்வும் இல்லை ஒன்றும் இல்லை, முள் எழுபதில் நிற்கிறது. அங்கேயும் கழிச்சிருக்கேன்! எந்த சீட்டுல உக்காந்தாலும் கழிச்சிக்கிட்டே இருந்திருக்கேன். வலது சீட்டுல நான் உக்கார்றதே எப்பவாவதுதானே, ஊருக்குள்ள ஸ்கூட்டர், வேலையில எப்பவும் இடது பக்கம் — யார் கவனிச்சா? ஐயோ, தொண்ணூறுல போயிட்டு எண்பதுன்னு அண்ணிக்குப் பாடம் வேற எடுத்திருக்கேன். அவமானமா இருக்கு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதேன். ஆமா, அழுதேன்.

நாத்தனார் எட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். பிறகு, கழித்தல் நல்லாத்தான் போடறே, எங்கே போடணும்னுதான் தெரியலை என்றார். கிண்டல்தான். ஆனால் முதுகில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

மார்ச் 16, திங்கள்

அபராதத்தைக் கட்டிவிட்டேன். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஹாரன் கேட்டுவிட்டு, தானாக வந்து மாட்டிக்கொள்கிறீர்களே என்று தெருவுக்கே கேட்கும்படி வருத்தப்பட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

நாளைக்கு. இன்று பல் டாக்டர் முதல் தடவையாக எங்கேயும் இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்தார். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 25, புதன்

போக்குவரத்து அலுவலகத்தில் லைசென்ஸ் தேர்வு நடத்துகிற அதே அதிகாரிதான். சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் போல இருப்பார். நாத்தனாரை இரண்டு தடவை தவறவைத்த மகானும் அவர்தான். மீறல் ஏதாவது உண்டா என்றார். உண்டு என்றேன். எப்படி நடந்தது என்றார். சாய்வுப் பார்வை, பத்து, கழித்தல், எல்லாவற்றையும் சொன்னேன். என் காதுக்கே கட்டுக்கதை மாதிரிதான் கேட்டது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எவ்வளவு காலமாக இடது சீட்டில் என்று கேட்டார். இருபது வருஷம் என்றேன். அவர் இன்னும் கூடவாம், தேர்வு நடத்துவது முழுக்க இடது சீட்டில்தானே. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“போன வருஷம் எனக்கே ரெண்டு நோட்டீஸ் வந்துச்சும்மா. இவ்வளவு நாளா கேமராவைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பழைய முகத்தை மாட்டிக்கொண்டார். விதி விதிதான். ஒரு வருஷம் நிறுத்தவில்லை, ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் மாதிரி ஓட்டுநர் தேர்வை மறுபடியும் எழுதி, ஓட்டிக் காட்டி, தேறினால் அனுமதி. அதுவரை கற்றுக்கொடுக்கக்கூடாது.

வெளியே வந்து நாத்தனாருக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஏன் அவருக்கு? தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஸ்கூலில் பத்து நாளாக போன் எடுக்கிறேன். என் மாணவர்கள் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைத் தாண்டிப் போகிறார்கள். மேஜைக்கு அடியில் என் கால் அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலங்களில் எனக்கு வகுப்பு. வாத்தியார், நாத்தனார். இடது சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, முள்ளைப் பார் முள்ளைப் பார் என்று உயிரை எடுக்கிறார். ஆறு மாத ராஜ்ஜியத்துக்கு வட்டியும் முதலுமாக வசூல். இன்று இறங்கும்போது நூற்றுக்கு அறுபத்திரண்டு என்றார். போன வாரம் ஐம்பத்தைந்து. ஏறுகிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

தேறிவிட்டேன். முதல் தடவையிலேயே. இதை யாரிடம் சொல்லிக்காட்ட வேண்டுமோ அவரிடம் சொல்லிக்காட்டினேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

நடுவில் அந்த அதிகாரி வேகம் என்ன என்று கேட்டார். ஐம்பது என்றேன், கழிக்காமல். அவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. கழிக்கிறார் என்று நினைக்கிறேன்.

மே 10, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். தையல் மெஷின் ஓடவில்லையாம், ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தாள். கைவேலையில் அவள் அப்பாவின் பெண்.

போகும்போது நாத்தனார்தான் ஓட்டினார். எல்லை தாண்டி அவர் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. இடது சீட்டில் உட்காரு என்றார். வேண்டாம் அண்ணி, உட்கார்ந்தால் உங்களைப் படுத்துவேன் என்று பின்னால் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஊர் எல்லைப் பாலம் வரை ஞாபகம் இருக்கிறது. வெயில் மடியில் விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது.

இவர் தட்டி எழுப்பியபோது மகள் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். கேமரா இருக்கிற இடம் வந்ததா என்று கேட்டேன். அது தாண்டி ரொம்ப நேரமாச்சு, எழுபத்தெட்டுல வந்தேன், நீ குறட்டை விட்டே என்றார் நாத்தனார்.

“அக்கா, இவ கால் ஒரு தடவைகூட அமுக்கலை” என்றார் இவர்.

நாத்தனார் காதில் விழாத மாதிரி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். விழுந்தது என்று எனக்குத் தெரியும்.