செந்திலின் பெரிய கார்டு

ஆவணி, ஞாயிறு இரவு

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

மாலையில் செந்தில் என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தான். என்னிடம் தொழில் பழகி, திருச்செங்கோட்டில் எனக்கு எதிரிலேயே கடை போட்டவன். இளம்பிள்ளை ஊரில் நடந்த கல்யாணம் முழுவதையும் ஒரே 256 ஜிபி மெமரி கார்டில் எடுத்திருக்கிறான். இப்போது ஒரு படமும் திறக்கவில்லை.

சீருக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று சிறிய கார்டுகளாக மாற்றிப் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். போட்டோகிராபர் சங்கக் கூட்டத்தில் அதைத்தான் செந்தில் கேலி செய்தான். "அண்ணன் இன்னும் பிலிம் ரோல் மாத்திக்கிட்டே இருக்காருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இன்று என்னிடம் கெஞ்சினான். "பொண்ணூட்டுக்காரங்களுக்கு இன்னும் தெரியாதுங்ணா. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க. வெளிய தெரிஞ்சா ஐப்பசி புக்கிங் ஒண்ணும் நிக்காதுங்ணா."

அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். இணைச்சீர்ச் சடங்கு வந்தது. தாலி கட்டு வந்தது. அத்தனையும் என் கணினிக்கு வந்து சேர்ந்தன. கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"எல்லாம் போயிருச்சு செந்திலு. என்கிட்டயே வரலைன்னா வேற எவன்கிட்டயும் வராது."

"சரிங்ணா" என்று அழுதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மணப்பெண் இப்போது என் திரையில் சிரிக்கிறாள். நல்ல வெளிச்சத்தில்தான் எடுத்திருக்கிறான்.

இளம்பிள்ளைக்காரர்களின் முகநூல் குழுவில் பெயர் காட்டாமல் எழுதலாம். கல்யாணப் படங்களை எவன் தொலைத்தான், எப்படித் தொலைத்தான் என்று எழுதிவிட்டேன். என் பெயரைப் போடப்போவதில்லை. காலையில் அவர்கள் எழும் முன் அதைப் போட்டுவிடுவேன்.