நாலு குழாய்த் துப்பாக்கி

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா நல்லா இருக்கா. நீங்க சென்னைக்குப் போன மறுநாள் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கிறதுக்கு விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தாரு.

துப்பாக்கி சுடப் பழகுற ரேஞ்சுல சுட்டு விளையாடன்னே உள்ளங்கைக்குள்ள அடங்குற அந்த நாலு குழாய்த் துப்பாக்கியை வாங்குனீங்க. யாருகிட்டயும் இல்லாத சாமான்னு அம்புட்டுப் பெருமை. போன மாசம் கூட்டாளிக முன்னாடி அதை என் நெத்தியில வச்சு விசையை அமுக்குனீங்க. குண்டு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சேலையிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க.

"வீட்டுல யாருக்கும் ஆட்சேபனை இல்லையேம்மா?"ன்னு இன்ஸ்பெக்டர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாரு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உடனே உங்க கூட்டாளி ஜெயபாண்டி அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சாரு. அன்னைக்குச் சத்தமாச் சிரிச்சவரு அவருதான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஆமா சார், வச்சாரு. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோம்"னாரு.

அதோட வீட்டுல இருந்த மத்த துப்பாக்கியையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதியாச்சு. பீரோவைத் திறந்து கொடுத்தது நான்தான்.

நானும் பாப்பாவும் சமயநல்லூர்ல எங்க அண்ணன் வீட்டுல இருக்கோம். துப்பாக்கியைத் திரும்ப வாங்கிடலாம்னு அலையாதீங்க. எந்த ஆபீஸ்ல மனு கொடுத்தாலும் அங்க நான் வந்து நிப்பேன். பாப்பாவைப் பாக்கணும்னா வெறுங்கையோட வாங்க.

இப்படிக்கு,
பாப்பா அம்மா