மூச்சை வெளியே விடு

போன வெள்ளிக்கிழமை அலமாரியின் மேல்தட்டிலிருந்து டைவிங் பையை இறக்கித் திறந்தேன். உப்பும் ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உன் தலையை மூடும் ரப்பர் தொப்பி உள்ளேயே கிடந்தது. பையைத் திறந்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்கு அது இன்னும் இப்போதுதான் வந்து சேர்ந்த செய்தியாக இருக்கிறது.

நாற்பது தாண்டிய பிறகு கடலுக்கடியில் போகலாம் என்று கிளப்பியது நீதான். தேக்கா கடைத்தெருவில் உங்கள் துணிக்கடைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வந்திருந்தேன். அளந்த துணியைக் கத்தரிக்காமலே சொன்னாய்: "சனிக்கிழமை குவீன்ஸ்டவுன் நீச்சல் குளத்துக்கு வந்துடு. டைவிங் கிளாஸுக்கு உன் பேரையும் குடுத்துட்டேன்லா." கல்லாவில் இருந்த உன் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்குக் கடல் என்றாலே பயம்.

முதல் பாடமே மூச்சுதான். மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. எதற்காகவும் அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நான் பயத்தில் இழுத்து இழுத்துச் சிலிண்டரைச் சீக்கிரமே காலி செய்துவிடுவேன். "சூடா இருக்கிற தே தாரிக் டீயை ஊதுவேல்ல, அந்த மாதிரி விடு. விட்டாத்தானே அடுத்தது வரும்?" என்பாய்.

தியோமான் தீவில் அது நடந்தது. ஆழத்தில் என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. மூச்சை அடக்கிக்கொண்டு மேல்நோக்கி உதைத்தேன். நீ என் கையைப் பற்றி நிறுத்தினாய். முகத்துக்கு நேரே வந்து, உள்ளங்கையை வாயருகிலிருந்து மெல்ல வெளியே தள்ளிக் காட்டினாய். உன்னிடமிருந்து குமிழிகள் நீளமாகப் போயின. அதைப் பார்த்துக்கொண்டே நானும் விட்டேன். படகில் ஏறியதும், "உனக்குப் பயமாவே இல்லையா?" என்று கேட்டேன். "செம பயம்லா. காலெல்லாம் நடுங்குச்சு," என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப்பழம் உரித்தாய்.

அப்படிப்பட்ட நீ, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடையில் துணி அளந்துகொண்டே சரிந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனைக்கு வந்தபோது உன் வாயில் குழாய். உஸ்ஸென்று உள்ளே, ஒரு நிறுத்தம், பிறகு வெளியே. கடலுக்கடியில் நாம் கேட்ட அதே சத்தம். ஒரு கணம், நீ கண் திறந்து, மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய் என்றே நினைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த தாதி மெதுவாகச் சொன்னாள்: "இது அவங்க மூச்சு இல்லக்கா. மெஷினோடது."

வெளியே உன் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடல்லதான் எதாச்சும் ஆகிடும்னு பயந்தேம்மா. கடையில... என் கண்ணு முன்னாடி..." மூச்சு ஏறி ஏறி வந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன. நான் எதிரே போய் நின்றேன்.

"அண்ணே, என்னைப் பாருங்க. மூச்சை வெளிய விடுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

உள்ளங்கையை மெல்லத் தள்ளிக் காட்டினேன். நெடுநேரம் கழித்து அவர் விரல்கள் விரிந்தன. அன்றிரவே நீ போய்விட்டாய். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது. நான் உன் வீட்டுக் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து, முந்தாநாள் நீ அனுப்பியிருந்த செய்திக்குப் பதில் போடவில்லையே என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையைத் திறந்த மறுநாள், சனிக்கிழமை, தியோமான் போனேன். தனியாக வந்த ஒரு மலாய்க்கார அம்மாவை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். கீழே இறங்கி, வழக்கம்போல் வலப்பக்கம் திரும்பினேன். அங்கே நீ இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரையில் அழும்போது மூச்சு தானாக அடைபடும்; அங்கே அடைபடவிடக் கூடாது. கண்ணாடிக்குள் கண் எரிய, விட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா வட்டமாக விரல் கூட்டி, சரியா என்று கேட்டார். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன்: சரியாக இல்லை. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் அங்கேயே நின்று மூச்சு விட்டோம்.