காதில் மட்டும் சொல்லத்தக்கது

நாரின்,
8 ஜூலை 2019

அன்புள்ள ஜிபார்குலுக்கு,

நீயும் குதிரைகளும் மேய்ச்சல் மலையில் நலமென நம்புகிறேன். அங்கே தொலைபேசி எட்டாததால், குதிரைப்பால் வண்டி ஜென்பெக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மடிக்கணினியைப் பழுதுபார்த்தபோது உள்ளிருந்தவை முழுவதும் அழிந்துவிட்டன. வரவுசெலவு மென்பொருளில் நாம் பதிந்திருந்த நம் மகள் பெர்மெத்தின் கல்யாண மொய்ப் பட்டியலும் போயிற்று. சனிக்கிழமை ஒஸ்மோன்குல் அண்ணன் வீட்டுக் கல்யாணம். அவர் நமக்கு வைத்தது என்னவென்று அறியாமல் குறைத்து வைத்துவிட்டால், பெண்ணைக் கொடுத்த வீட்டிலும் நமக்குத் தலைகுனிவு.

பென் டிரைவில் எடுத்த காப்பு நகல் என் பெட்டகத்தில் பத்திரமாக உள்ளது. ஆயினும் அந்த நகலைக் கணினியில் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது. அதை அமைத்தவளும் அறிந்தவளும் நீ ஒருத்தியே. உறையை அரக்கிட்டு மூடி அனுப்பவும்.

உன்,
தொக்தோபொலோத்

சோங்-கோல் மேய்ச்சல் மலை,
9 ஜூலை

பெர்மெத் அப்பாவுக்கு,

அண்ணன் என்ன வச்சாருன்னு எனக்கும் ஞாபகமில்ல. அன்னிக்கு எவ்வளவு குடிச்சாருங்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!

கடவுச்சொல்லை எழுதி அனுப்பணுமா? "காகிதத்தில் எழுதலாகாது, மூன்றாமவர் கையில் சேரலாகாது, நேரில் மட்டுமே சொல்லத்தக்கது." யாரு எழுதின விதி? என்கிட்ட கையெழுத்து வாங்கி, சீலும் குத்தினீங்களே நோட்டரி ஐயா! ஜென்பெக் மூன்றாமவர்தானே? "அக்கா, என்னை நம்ப மாட்டாரா?"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்.

மேல வாங்க. வேலை வேலைன்னு நீங்க இங்க வராமலே ஒன்பது கோடை போச்சு. மடிக்கணினிக்கு நல்லா சார்ஜ் ஏத்திக் கொண்டாங்க. காதுல சொல்றேன்.

ஜிபார்

நாரின்,
15 ஜூலை

என் அன்பான ஜிபார்குலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் கூடாரப் புகை இன்னும் என் கோட்டில் மணக்கிறது, சலவைக்குப் போடவில்லை.

மீட்டெடுத்த பட்டியலின்படி அண்ணன் வைத்தது ஓர் ஆடும் ஐயாயிரம் சோம் பணமும். நான் மூவாயிரம் என்றல்லவா எண்ணியிருந்தேன்! சனிக்கிழமை கல்யாணத்தில் ஆட்டுடன் ஆறாயிரம் வைத்தேன். அவர் உறையைத் தூக்கிக் காட்டி, "நோட்டரி வீட்டு மொய்யில சீல் ஒண்ணுதான்டா குறையுது!" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இனி ஒரு வாக்குமூலம். அன்று கடவுச்சொல்லை மூன்று முறை பிழையாகத் தட்டினேன். ஒவ்வொரு முறையும் நீ குனிந்து என் காதில் மறுபடி சொன்னாய். முதல் பிழை உண்மையிலேயே தவறி நேர்ந்தது. மற்ற இரண்டும் முழு அறிவோடும் உள்நோக்கத்தோடும் செய்தவை.

விதியின்படி அச்சொல்லை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. மறந்தும் போகலாம். எனவே வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன்.

உன்,
தொக்தோபொலோத்