டீ தம்ளரை மூடிய சி.டி.

மாப்பிள்ளை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ அன்று கொடுத்த சி.டி.யை நான் திறக்கவே இல்லை. ஈ விழாமல் டீ தம்ளரை மூட அதன் டப்பா அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. இன்று பீரோவை ஒழித்தபோது கையில் அகப்பட்டது. டப்பாவில் இன்னும் டீ வட்டம். அதற்குமேல் உன் கோழிக்கிறுக்கலில் 'அனோட்டேஷன் லைப்ரரி'.

திருத்தங்கலில் அச்சகத்து மாடியில் நாம் இருவர், இரண்டு கம்ப்யூட்டர். பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர்களுக்காக முதலாளிக்கு ஒரு சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த லைப்ரரியை ஏற்றிவிட்டால், எந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று நிரலில் ஒரு குறிப்பு வைத்தால் போதும். பிசகினால் எழுதும்போதே திரையில் மஞ்சள் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். குற்றம் கண்டுபிடிக்க வீட்டில் ஒருத்தி போதாதா என்று நான் ஏற்றவில்லை.

"ஏலே, உன் மிஷின்ல லைப்ரரி போட்டியா?"

"போட்டாச்சு மாப்ள. அருமையா ஓடுது."

"சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதா?"

"கணீர்னு கேக்குது."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

தீபாவளி சீசனில் ஒரு லோடு லேபிள் முழுக்கக் கம்பெனி பெயர் இல்லாமல் அச்சாகி வந்தது. பெயர் வரவேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் எழுதிய பகுதி அது. முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"யாரு பாத்த வேலைலே இது?"

நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. தெரிஞ்சே விட்டுட்டேன்" என்றாய் நீ.

அன்று சாயங்காலமே உன்னை நிறுத்திவிட்டார். நீ விருதுநகரில் செல்போன் கடை வைத்தாய். அப்புறம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. உன் நாற்காலி எனக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் லைப்ரரியை ஏற்றவே இல்லை என்ற உண்மை தொண்டைவரை வரும். அச்சகத்து மேனேஜர் தலைக்குச் சாயம் பூசிய கதையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். போன மாதம் மாலையோடு வந்தபோதும் உன் படத்திடம்கூடச் சொல்லவில்லை. உன் தங்கச்சியிடம் மட்டும், "உங்க அண்ணன் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டவன்மா" என்று அழுதேன்.

இப்போதும் எதை எழுதினாலும், எங்கேனும் காலியாக விட்டிருக்கிறேனா என்று இரண்டு தரம் பார்க்கிறேன். மஞ்சள் கோடு இல்லாத குறைக்கு நீ இருக்கிறாய்.

சற்றுமுன் அந்த சி.டி.யை முதல் முறையாகப் போட்டுப் பார்த்தேன். டப்பா மாற்றிக் கொடுத்திருக்கிறாய். உள்ளே இருப்பது உன் தங்கச்சி கல்யாண வீடியோ. நாதஸ்வரம் கணீரென்று கேட்கிறது.